ஆயில் சேம்பரில் வைத்த தகடு

கார் பைத்தியம் எனக்கு முப்பத்தெட்டு வயதில் பிடித்தது. கல்பாக்கத்தில் வேலை, செங்கல்பட்டில் வாடகை வீடு, அதன் வாசலில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டர்போ கார். ஞாயிறு விடிந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினைந்து பேர் அவரவர் காரை எடுத்துக்கொண்டு ஈசிஆர் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டிப் போவோம், இட்லி தின்போம், திரும்புவோம். இதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

குழுவில் ஒருவர் ஒருநாள் பற்றவைத்தார். வளைவில் வேகமாகத் திரும்பினால் எஞ்சினுக்கு அடியில் உள்ள சேம்பரில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுமாம். உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதான் கிடைக்கும், பேரிங் தேய்ந்து எஞ்சின் காலி. அதற்குச் சேம்பருக்குள் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். ரேஸ் வண்டிகளில் வைக்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் எங்கள் ஈசிஆரில் ஆயில் ஒதுங்கும் அளவுக்கு வளைவு எங்கே இருக்கிறது? நூல் பிடித்த மாதிரி சாலை, நடுவில் மாடு. இது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

என் மெக்கானிக்கின் பட்டறை பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில். என் வயதுக்காரர், தனி ஆள். டர்போ எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் என்று குழுவுக்கு அவரைச் சொன்னதே நான்தான். தகடு விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரோட்ல ஓட்ற வண்டிக்கு இது இன்னாத்துக்கு சார்? ஆயில் லெவல கொறய வுடாதீங்க, அது போதும். இந்த எஞ்சின் ஆயில் குடிச்சிகினேதான் இருக்கும்."

கேட்கவா செய்தேன்? இரண்டு வாரம் அவர் பிராணனை வாங்கினேன். கடைசியில் சேம்பரைக் கழற்றி, தகடு வெட்டி, வெல்டிங் வைத்துக் கொடுத்தார். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் பானெட்டைத் திறந்து, கம்பியை உருவித் துடைத்து ஆயில் அளவு பார்ப்பேன். தகடு வைத்த பிறகு அதை விட்டுவிட்டேன். அதுதான் தகடு இருக்கிறதே, இனி என்ன பயம் என்ற கொழுப்பு. வேறென்ன சொல்ல?

நான்கு மாதம் போனது. திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து கடற்கரைக்கு வரும் வழியில், ஒரு திருப்பத்தில் ஆயில் விளக்கு மின்னி மறைந்தது. அடுத்த திருப்பத்தில் எஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம். சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தினேன். அழுகை வந்தது, ஒரு காருக்காக. எஞ்சின் சூடு ஆறுவதற்குள் போனை எடுத்து, தகடு பிய்ந்துகொண்டது, அந்த ஆளிடம் யாரும் போகாதீர்கள் என்று பட்டறை இருக்கும் இடத்தோடு குழுவில் போட்டேன். அரை மணியில் அது இன்னும் ஆறேழு குழுக்களுக்குப் போய்விட்டது. அவரிடமும் யாரோ காட்டியிருக்கிறார்கள். இரண்டு முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை.

சென்னையில் வேறொரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். தகடு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு வெல்டிங்கில்கூடக் கீறல் இல்லை. ஆயில்தான் இல்லை. நாலரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைகூடத் தேறவில்லை. கடைசியாக எப்போது அளவு பார்த்தீர்கள் என்று அங்கிருந்தவர் கேட்டார். நான் போனைப் பார்ப்பதுபோல வெளியே வந்துவிட்டேன்.

குழுவில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்று. இன்று நாளை என்று தள்ளினேன். எழுதி எழுதி அழித்தேன். பதினைந்து பேர் முன்னால் முட்டாளாக நிற்க மனம் வரவில்லை. தகடு வைக்கலாமா என்று இப்போதும் யாராவது அங்கே கேட்பார்கள். ரோட்டில் ஓட்டும் காருக்கு வேண்டாம், வாரம் ஒருமுறை ஆயில் பார்த்தால் போதும் என்று பெரிய மனிதன்போலப் பதில் போடுகிறேன்.

போன மாதம் அவரிடம் சொல்லிவிடுவது என்றே சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினேன். பட்டறையில் ஒரு கார்கூட இல்லை. கம்பெனிக்குப் போகிறவர்களின் பைக்குக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை எடுத்துப் போட்டார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவரோ டீ சொல்லி அனுப்பினார். அப்புறம் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒன்னே ஒன்னு சார். அன்னிக்கு ஆயில் லெவல் கரீட்டா இருந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க. நெனச்சி நெனச்சி பேஜாரா கீது."



"இருந்தது" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்போ என் வேலதான் சார் தப்பு. இன்ஜின்ல கை வெக்கறதையே வுட்டுட்டேன், நல்லதுதான்."

டீ வந்தது. குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.