தாய்மாமன் மேடைக்கு வரவும்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். போனவன் திரும்பி வரவே இல்லை. படித்துப் படித்து, கடைசியில் மதுரையில் ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தவும் உட்கார்ந்துவிட்டேன். பதிப்புரிமை, இணையச் சட்டம் இரண்டும் என் பாடங்கள். வேலை தற்காலிகம்தான். அப்பா மேலூர்ப் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறார். அடுத்தவர் பாட்டை அனுமதி இல்லாமல் போடக் கூடாது என்று நான் வகுப்பில் சொல்கிறேன். அந்தப் படிப்புக்கு ஆன செலவு முழுவதும், அடுத்தவர் பாட்டை நாலு ஊருக்குக் கேட்கும்படி போட்டு வந்தது.

"அப்ப நம்ம பொழப்பு திருட்டுங்கிறியா?" என்று ஒருமுறை அப்பா கேட்டார்.

"இல்லப்பா. கோயில் சடங்கு, கல்யாணத்துக்குப் போட்டா சட்டத்துல விலக்கு இருக்கு."

"பெறகென்ன, அத மட்டும் நடத்து."

நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்தபோது அதையே நடத்தினேன். விண்ணப்பித்தவர்கள் ஆளுக்கொரு பாடத்தைக் காணொளியாகப் பதிவு செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். தேர்வுக் குழு அதைப் பார்த்துவிட்டு நேர்காணலில் கேள்வி கேட்கும். திருநகரில் என் அறைக்கு மேல்மாடியில் நாள் முழுக்க டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்ததால் பதிவு தள்ளித் தள்ளிப் போய்க் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஊரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். இருக்கிற ஒரே தாய்மாமன் நான்.

ஊரில் எங்கள் மைக் செட் அறையில் பந்தல் துணியும் ஜமுக்காளமும் கூரை வரை அடுக்கியிருக்கும். சத்தம் புகாத அறை என்று பார்த்தால் அதற்கு மேல் எனக்கு வாய்க்காது. அப்பாவிடம் போய் அரை மணி நேரம் பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

"காதுகுத்து வீட்டுல பாட்டு நின்னா, எவனோ மண்டையப் போட்டுட்டான்னு ஊரே ஓடியாரும்டா."

"சத்தத்தையாவது கொறைங்கப்பா."

"கொறைக்கிறேன் போ."

குறைத்தார். அப்பா குறைத்தால் அடுத்த ஊருக்கு மட்டும் கேட்காது.

கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தேன். சடங்குக்குப் பாட்டுப் போடச் சட்டம் ஏன் அனுமதிக்கிறது என்கிற முக்கியமான இடத்துக்கு வந்தபோது, வெளியே பாட்டுக்கு மேலேயே அப்பாவின் குரல் வந்தது: "தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். புள்ள அழுகுது." நான் விடாமல் பேசி முடித்தேன். கதவு தட்டப்பட்டது. அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ள, ஆசாரி ஊசியோட நிக்கிறாரு. உள்ள யாருகிட்ட பேசிக்கிட்டிருக்க?"

"தேர்வுக் குழுகிட்ட மாமா."

"அவுகளையும் சாப்புட வரச் சொல்லு. வா."

காது குத்தி முடிந்து, கறிச்சோற்றுப் பந்தியில் உட்கார்ந்தபடியே பாடத்தை ஏற்றினேன். இரண்டாவது முறை குழம்பு வருவதற்குள் ஏற்றிய அமெரிக்கத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது: இதில் வரும் பாட்டு இன்ன நிறுவனத்துக்குச் சொந்தம், ஆகவே இந்தக் காணொளி இந்தியாவில் தெரியாது. ஆட்சேபிக்கலாம், அந்த நிறுவனமே விசாரித்துப் பதில் சொல்லும், நாளாகும். அல்லது அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் நீக்கிவிடலாம். ஆட்சேபணைக்கு அவர்கள் கொடுத்திருந்த காரணங்களில் காதுகுத்து இல்லை. எனக்கு அன்று ஒருநாள்தான் இருந்தது. நீக்கச் சொன்னேன். இயந்திரம் பாட்டோடு சேர்த்து என் குரலையும் எடுத்துக்கொண்டது. பாட்டுப் போடுவது ஏன் குற்றமில்லை என்று நான் விளக்கும் இடத்தில், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

நேர்காணலில் அந்த இடத்தைத்தான் போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குழுவில் இருந்தார்.

"இங்கே என்ன சொல்கிறீர்கள்?"

"இந்தப் பாட்டைப் போடச் சட்டம் அனுமதிக்கிறது என்று, ஐயா."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். காதுகுத்தையும் அப்பாவின் மைக் செட்டையும் சொன்னேன்.

"காதுகுத்து மதச் சடங்கில் சேருமா?"

"சேரும் என்பது என் கட்சி."

"இருக்கட்டும். பந்தலில் போட்டது உங்கள் அப்பா. இணையத்தில் ஏற்றியது?"

"நான்."

"விலக்கு அவருக்கா, உங்களுக்கா?"

பின்னணியில் தற்செயலாகப் பதிவாகும் ஒலியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"இதைத்தான் காணொளியிலும் சொன்னீர்களா?"

"ஆமாம் ஐயா."

"கேட்டிருக்கலாம்" என்றார்.

பணியிடம் வேறொருவருக்குப் போனது. எனக்கு இன்னும் ஓராண்டு தற்காலிகம் என்று உத்தரவு வந்தது. ஊருக்குப் போய் அப்பாவிடம் நடந்ததை விளக்கினேன். அவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"கதவச் சாத்தி, சுத்தித் துணிய அடுக்கி, நானும் அம்புட்டுக் கொறைச்சு வச்சும், அந்த மிஷினு பாட்டக் கண்டுபிடிச்சிருச்சா?"

"ஆமாப்பா."

வெகுநாள் கழித்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இப்போது யார் செட்டுக்கு முன்பணம் கொடுக்க வந்தாலும் சொல்கிறார்: "நம்ம செட்டு சத்தம் அமெரிக்காக்காரனுக்கே கேட்டுருச்சுண்ணே. நம்பலைன்னா எம் பயலக் கேளுங்க, சட்டம் படிச்சவன்."

கேட்கிறார்கள். நான் செல்போனை எடுத்து அந்த மின்னஞ்சலைக் காட்டுகிறேன்.