சின்னையா அண்ணை தந்த கல்லுப் போத்தல்

எழுத உட்கார்ந்தால் எனக்கு வழி தவறிவிடும். ஆகையால் முதலில் ஒழுங்கு:

1. அவர் எங்கள் சனத்தைத் தண்ணீர் குடிக்க வைத்தது.
2. என் கல்லை எடுத்த நாள்.
3. அவர் யாருமில்லாமல் வாழ்ந்தது.

சாவுச் செய்தி காலை லோஞ்சுப் படகில் நெடுந்தீவுக்கு வந்தது. “வேலணைச் சின்னையா மோசம் போயிட்டாராம். உங்களோடை வேலை செய்தவரெல்லோ?” என்றார் லோஞ்சுக்காரர். ஒன்றாக வேலை செய்ததில்லை. நான் டாக்குத்தர் இல்லாத தீவில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. அவர் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்து உதவியாளர். சிறுநீர்க் கல்லுக்காரரை நான் துண்டெழுதி அனுப்புவேன். அங்கே அவர் பொறுப்பெடுப்பார்.

வள்ளத்தில் ஒதுங்க இடமில்லையென்று எங்கள் சனம் தண்ணீர் குடிக்காமலே கடல் கடக்கும். நாவரண்டு ஆஸ்பத்திரி வாட்டுக்கு வருபவர்களிடம் அவர் செம்பை நீட்டுவாராம். “முதல் இதைக் குடியுங்கோ. கல்லு வந்ததே இந்த வெக்கத்தாலைதான்.”

எனக்கே கல் வந்தபோது ஏழு மாதம் ஒளித்தேன். கடைசியில் அவருடைய கூடத்திலேயே போய்ப் படுத்தேன்.

“மற்றவைக்குத் துண்டெழுதேக்கை உம்மடை கை நடுங்கேல்லை, என்ன அப்போதிக்கரியார்?” என்று சிரித்தார்.

“வெட்டுவினமோ, அண்ணை?”

“இல்லையப்பா. மூத்திர வழியாலை குழாய். நுனியிலை சின்னப் பல்ப். கல்லைப் பார்த்துக் கவ்வி, நொறுக்கி, கழுவி எடுக்கிறது. எழுதி அனுப்பினது நீர்தானே?”

அந்தப் பல்பை மூன்று தடவை எரித்துப் பார்த்தார். ஊசியால் இடுப்புக்குக் கீழே எனக்கு விறைத்திருந்தது, காது விறைக்கவில்லை. கல் நொறுங்கியது கேட்டது. டாக்குத்தர் முடிக்கும்வரை அண்ணை என் மணிக்கட்டை விடவில்லை. பிறகு துகள்களை வெறும் பெனிசிலின் போத்தலில் இட்டுத் தந்தார்.

“உம்மடை சொத்து. கல்லுப் போனாலும் இடைக்கிடை வந்து போம்.”

ஓம் என்றேன். பதினொரு வருடம் போகவில்லை. தனியனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் வெட்கம்தான்.

மணம் முடிக்காதவர், பாடை தூக்க நாலு பேர் கிடைப்பார்களோ என்று பயந்து அதே லோஞ்சில் போனேன். வேலணையில் அவர் வீட்டு முற்றத்தில் நிற்க இடமில்லை. எல்லாம் அவர் மணிக்கட்டுப் பிடித்த சனம்.

“வருசத்திலை ரெண்டு தரம் வந்து பார்க்கிறனாங்கள்,” என்றார் எழுவைதீவு அம்மா ஒருவர். “அவர் தந்த போத்தல் எங்கடை சாமித்தட்டிலை இருக்கு. நீங்கள் அவருக்கு என்ன முறை?”

“நானும் ஒரு கல்லுக்காரன்,” என்றேன். தோள் கொடுக்க எனக்கு முறை வரவில்லை.

போத்தல் என் மேசையில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துக் குடிக்கிறேன். ஒழுங்கில் மூன்றாவதாக எழுதியது பிழை. இருந்தும் வெட்டவில்லை, ‘அவர்’ என்ற இடத்தில் ‘நான்’ என்று ஆளை மாற்றினால் அது சரி.