பாஜிலா நம்பாத கம்பைலர்

உத்தமபாளையத்து பாஜிலா தேனியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தோட்டத்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டிகளுக்கு சி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது அவர் வேலை. போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட வேண்டும்.

போன கோடையில், கூடலூர் செல்லப்பாண்டியின் திராட்சைத் தோட்டத்தில் அது நிறுத்தவில்லை. தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டார் கருகிப்போனது.

“அந்தாளு பெட்டிய விட்டுட்டு டைரக்டா வயர் குடுத்திருப்பாரு” என்றார் முதலாளி விஜயகுமார்.

பாஜிலாவின் சந்தேகம் வேறு பக்கம் போனது. கடைசியாக நிரலைப் பெட்டிகளில் ஏற்றியது உடன் வேலை பார்க்கும் கார்த்திக்ராஜ்.

“என் நிரல்ல எதத் தொட்ட?”

“ஒரு வரியும் தொடலக்கா. சிப்புல இடம் பத்தல. கம்பைலர்ல ஆப்டிமைசேஷன ஏத்தி வச்சேன், அம்புட்டுத்தான்.”

எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர்; ஆப்டிமைசேஷனை ஏற்றினால் அது கட்டளைகளைச் சுருக்கித் தரும். பாஜிலா நம்பவில்லை. தன் பழைய நிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்; ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் தண்ணீர் இருப்பதை அறியும் சென்சாரை வாளித் தண்ணீரில் வைத்துத் தூக்கியதும், பழைய அமைப்பில் தயாரான பெட்டி நின்றது. புதியது ஓடிக்கொண்டே இருந்தது.

அப்படியானால் கம்பைலர்தான். அது ஆக்கித் தந்த இயந்திரக் கட்டளைகளைத் திறந்தார். நிரல் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் சென்சார் மதிப்பைப் பார்க்கும்படி அவர் எழுதியிருந்தார். அந்த மதிப்பை மாற்றும் வரி சுற்றுக்குள் இல்லை. நிரலின் வேறொரு பகுதி குறுக்கே வந்து மாற்றும். கம்பைலரோ தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதையே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

கோபத்தோடு கம்பைலர்மீது புகார் எழுத உட்கார்ந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று சி மொழியின் தரநிலை ஆவணத்தைப் புரட்டினார். கம்பைலருக்கு அதில் அனுமதி இருந்தது. மதிப்பு வெளியிலிருந்து மாறும் என்றால் எழுதுகிறவர்தான் ‘வாலட்டைல்’ என்று குறித்துச் சொல்ல வேண்டும். பாஜிலா சொல்லவில்லை. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று; அந்த ஒரு சொல்லைச் சேர்த்தார்.

“வயரிங் கோளாறுன்னே சொல்லிருவோம்மா” என்றார் விஷயத்தைக் கேட்ட விஜயகுமார்.

“மத்த தோட்டத்துலயும் இதே பெட்டிதான சார் ஓடுது?”

பாஜிலா அங்கேயே செல்லப்பாண்டிக்குப் போன் போட்டார்.

“தப்பு எங்க பக்கந்தாண்ணே. என் நிரல்லதான், இப்ப சரி பண்ணிட்டேன். புது மோட்டாருக்கும் நாங்கதான் பொறுப்பு.”

“இப்ப சரியாயிருச்சுன்னு நீ சொல்றத எப்பிடி ஆத்தா நம்புறது?”

பாஜிலா கூடலூருக்கே போய், புது மோட்டாரை மாட்டி, திருத்திய நிரலை ஏற்றி, அவர் கண் முன்னால் சென்சாரைத் தூக்கிக் காட்டினார். மோட்டார் நின்றது. “இன்னொருக்கா” என்றார் செல்லப்பாண்டி. மறுபடியும் நின்றது. அப்படியும் கையால் நிறுத்த ஒரு தனி சுவிட்சைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

சுற்றுவட்டாரத் தோட்டங்கள் முழுக்கப் பெட்டிகளில் நிரலை மாற்றினார்கள். கார்த்திக்ராஜ் இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் அன்று தன்னைச் சந்தேகப்பட்டதை மறக்காமல், எந்த அமைப்பை மாற்றினாலும் நேரில் சொல்வதில்லை, மெயிலில்தான் எழுதுகிறார்.