அம்மை என்றே நம்பவிட்டேன்

எண்பதுகளின் தொடக்கம். சோழவந்தான் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். வீடு ஆரப்பாளையம், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரையே திருத்திவிடலாம் என்ற நினைப்பு வேறு!

பள்ளியைச் சுற்றி, வாய்க்கால் கரை, வரப்பு என்று எங்கு பார்த்தாலும் வெள்ளையாகப் பூத்துப் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த களை, நம் புல் பூண்டை முளைக்கவிடாது, ஆடு மாடுகூட வாய் வைக்காது என்று பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். நடத்தியதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எல்லாரையும் வெளியே கூட்டிப்போய், விதை விழும் முன்பே வேரோடு பிடுங்க வைத்தேன். தை பிறந்ததிலிருந்து வாராவாரம் இதே வேலை. அந்தச் செடியைத் தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட வேண்டும் என்று நான் படித்த துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. அத்தனை பிள்ளைகளுக்கும் கையுறைக்கு எங்கே போவது? அந்த வரியை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண். படிப்பில் கெட்டி. அவர்கள் வீட்டில் பத்தாவது வரை வந்த முதல் பெண் அவள்தான். பாஸ் செய்தால் மேலே படிக்க வைக்கிறேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, "டீச்சர், கையெல்லாம் அரிக்குது. நான் மரக்கன்னுக்குத் தண்ணி ஊத்துற வேலை பாக்குறேனே" என்று கேட்டாள்.

"வயக்காட்டுல பொறந்த பிள்ளைக்குக் களை புடுங்க அரிக்குதாக்கும்! ஒடம்பு வளையலைன்னு சொல்லு" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் அசடு வழியச் சிரித்துவிட்டுக் குனிந்து பிடுங்கினாள். அடுத்த இரண்டு வாரமும் பிடுங்கினாள்.

அரசுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் பள்ளிக்கு வருவது நின்றுபோனது. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் அம்மா வெளியே வந்து, "உள்ள வராதீக டீச்சர், ஆத்தா வந்திருக்கா" என்றார். பங்குனி வெயிலில் ஊருக்குள் அம்மை நடமாடிக்கொண்டிருந்த நேரம்தான்.

வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்திருந்தாள். இமை வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. முகம், கழுத்து, கை எல்லாம் சிவந்து தடித்து நீர் கோத்திருந்தது. துணி மூடாத இடமெல்லாம் அப்படி. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒடம்பு சுடவே இல்ல டீச்சர். அரிப்புத்தேன் தாங்க முடியல" என்றார் அம்மா.

எனக்குச் சுரீர் என்றது. இது அம்மை இல்லை, நான் பிடுங்க வைத்த செடி செய்த வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் என்ன பேசும், ஹெட்மாஸ்டர் என்ன கேட்பார், வேலை நிலைக்குமா என்று என்னைப் பற்றித்தான் யோசித்தேன். அம்மை என்றால் யாரும் யாரையும் கேள்வி கேட்கப்போவதில்லை. "பத்திரமா பாத்துக்கங்க" என்று ஹால் டிக்கெட்டை நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் 'அப்பாடா' என்றுகூட இருந்தது. சீ, அதை இப்போது எழுதவே கூசுகிறது.

பரீட்சை தொடங்கியது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக் கூடாது என்று அவளை அனுப்பவில்லை. அதுவோ இறங்குவதாக இல்லை. எப்படி இறங்கும்? அவர்கள் கொல்லையிலேயே பார்த்தீனியம் காடாக நின்றது. அந்த வாரம் என் மணிக்கட்டிலும் அரிப்பு வந்தது. மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். பார்த்ததுமே அந்தச் செடியைப் பற்றித்தான் கேட்டார். அவர் கொடுத்த களிம்பில் நான்கே நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. அதற்குமேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பரீட்சையும் முடிந்திருந்தது. பிரசுரத்தில் படித்ததிலிருந்து எல்லாவற்றையும் அவள் அம்மாவிடம் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இவ்வளவுதான் சொன்னார்:

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கண்ணு தெரியாட்டியும் கையப் புடிச்சுக் கூட்டிப் போயி பரிச்சைக்கு உக்கார வச்சிருப்பேனே டீச்சர்!"

அக்டோபரில் மறுபடி நடக்கும் பரீட்சையை எழுதட்டும், நானே சொல்லித்தருகிறேன் என்று அவள் அப்பாவிடம் மன்றாடினேன். "ஆத்தாளே தடுத்துட்டான்னு நெனச்சு, இனி படிக்க அனுப்ப மாட்டேன்னு கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன் டீச்சர். அத மீற முடியாது" என்று அவர் முடித்துவிட்டார். அந்தப் பெண் நான் கொண்டுபோன களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் நிறைய வருஷம் வேலை பார்த்தேன். செடி கொடி, மண் பற்றியெல்லாம் நன்றாக நடத்துகிற டீச்சர் என்று பேரும் வந்தது. யாராவது அப்படிச் சொன்னால் எனக்குத் தலை தாழ்ந்துவிடும். வாய்த்துடுக்கில் நான் செய்த கேலியைக்கூட அவள் மன்னித்திருப்பாள். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேனே, அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்றுவரை முகமில்லை.