சிவதாணுவின் சம்சாரம்

முத்தாரம்மாளைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. இடது கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கோட்டாற்றுத் தாய்வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தாள். மாப்பிள்ளையின் அத்தை திருவனந்தபுரம் திரும்பியதும், "கன்னம் நல்ல பூரிப்பு. வாய் இருக்க எடமே தெரியாது" என்று சொன்னாள். கல்யாணத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. வாய் திறந்துகொண்டது.

மாப்பிள்ளை சிவதாணுவுக்கு ஆரியசாலையில் புளி மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் வீடு. எதையும் நிதானமாக, முதலிலிருந்து சொல்லுகிறவர் அவர். மழை பெய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் மேகம் திரண்ட திசையிலிருந்து தொடங்குவார். முத்தாரம்மாள் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். அவர் மேகத்தில் இருக்கும்போதே அவள் நனைந்த துணியைக் கொடியில் போட்டு முடித்திருப்பாள். அந்த வீட்டில் சிவதாணு ஒரு வாக்கியத்தையும் முழுதாக முடித்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

ஆனால் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நாஞ்சில்நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் வந்து திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் கடை போட்ட குடும்பங்கள் பல. அந்த வீடுகளில் சம்பந்தம் பேசினால் முத்தாரம்மாளை அழைத்து முன்னால் உட்காரவைப்பார்கள். யார் வீட்டார் எந்த ஊர், எதற்காக இங்கே வந்தார்கள், வந்தபோது தலையில் என்ன சுமந்து வந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் "நல்ல எடம்" என்றால் வெற்றிலை மாற்றுவார்கள். அந்த முன்னிடம்தான் அவளுக்குப் பெருமை. நகை நட்டெல்லாம் அதற்கு அப்புறம்.

வீட்டில் பேச இடமில்லாத சிவதாணு வெளியே ஓர் இடம் தேடினார். கொப்பரை சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் தமிழர்கள் நடத்திய வாசகசாலை இருந்தது. அங்கே ஞாயிறு மாலைகளில் சாலையின் பழைய சரித்திரத்தைச் சொல்வதென்றும், சொல்லி முடித்ததும் கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டை வரை நடந்து பழைய இடங்களைக் காட்டுவதென்றும் ஏற்பாடு. எல்லாம் இலவசம்.

சாலையில் இலவசத்தை யாரும் நம்பமாட்டார்கள். இரும்புக்கடை யோசுவா வாசலில் நின்றே அறிவித்தார். "வெறுதே தாறேன்னா உள்ள என்னவோ இருக்கு வே. மொதல்ல சரித்திரம் சொல்லுவாரு. பெறகு பழைய புளியைத் தலையில கெட்டுவாரு."

வந்த இரண்டொருவரும் தூங்கினார்கள். சிவதாணு, பரசுராமர் கடலில் மழுவை எறிந்து கேரளத்தை எடுத்ததிலிருந்து தொடங்குவார். மழு பறக்கும், கடல் விலகும். கடல் அவருடைய நிதானத்திலேயே விலகும். அது கொச்சி வரை விலகுவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். திருவனந்தபுரம் அப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். அதன்பின் கோட்டைக்கு உலாவப் போவது அவரும் அவருடைய குடையும்.

வாசகசாலைக் காரியதரிசி வெங்கடகிருஷ்ணன் கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், சர்க்கார் ஆபீசில் வேலை. அவர் ஒருநாள் புளிக்கடைக்கே வந்தார்.

"பிள்ளைவாள், தப்பா எடுத்துக்கப்படாது. அடுத்த ஞாயித்துக்கிழமை பெஞ்சு நிறையலேன்னா மாடியை வேலாயுதன் கோஷ்டிக்கு விட்டுடும்படியா இருக்கும்."

"அவங்க சீட்டுல்லா வெளையாடுகாங்க?"

"வாஸ்தவம். ஆனா வராளே!"

கொப்பரை வியாபாரி வேலாயுதன் கீழ்க் கிட்டங்கிக்குச் சொந்தக்காரர். இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆட அவருக்கு மாடிக் காற்று தேவைப்பட்டது.

சிவதாணு காரியதரிசியிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு நோட்டீஸ் ஒட்டத் தீர்மானித்தார். இது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பது, அதாவது இங்கிலீஷுக்கு 1933, ஆவணி மாதம். ஊரில் இரண்டு பாஷைக்காரர்களும் இருப்பதால் முதலில் மலையாளத்தில் எழுதினார். மலையாளத்தில் பேச்சுக்குச் சம்சாரம் என்று பெயர். ஆகவே "சிவதாணுவின் சம்சாரம்" என்று போட்டார். அதில் ஒரு குற்றமும் இல்லை. பிறகு அதை எதிரில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதினார். மாற்றவேண்டிய சொற்களை மட்டும் மாற்றினார். சம்சாரம் இரண்டு பாஷையிலும் உள்ள சொல். ஆகையால் அதைத் தொடவில்லை.

தமிழ் நோட்டீஸ் இப்படி அமைந்தது: "சிவதாணுவின் சம்சாரம். ஞாயிறுதோறும் மாலை, வாசகசாலை மாடியில். முற்றிலும் இலவசம். ஜாதி மத பேதமின்றி யாவரும் வரலாம். பின்னர் எல்லோரும் சேர்ந்து கோட்டை வரை உலாவி வரலாம்."

சாலை முகப்பிலும் கோட்டை வாசல் பக்கத்திலும் பசை தடவி அவர் கையாலேயே ஒட்டினார். மூலை சுருளாமல் நீவியும் விட்டார்.

அன்று மத்தியானம் யோசுவா புளிக்கடைக்கு வந்து, முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டு கேட்டார். "அண்ணாச்சி, அக்காவுக்குச் சம்மதந்தானா?"

"அவளுக்கென்ன? ஞாயித்துக்கிழமை வேலை ஒழிஞ்சு கெடப்பா."

யோசுவா வேகமாக வெளியே போனார். தெருவில் அவர் சிரித்த சத்தம் ஆறேழு கடை தாண்டிக் கேட்டது.

முத்தாரம்மாளுக்கு விஷயம் காய்கறிக்காரி மூலம் வந்தது. திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவள், மலையாளம் தெரியாதவள். வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே ஒன்றும் அறியாதவளாக, "நீங்கதானா அம்மா அந்த இலவசம்?" என்று கேட்டுவிட்டாள். முத்தாரம்மாள் நேரே சாலை முகப்புக்குப் போய் நோட்டீஸை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வீடு திரும்பியபோது கரமனையிலிருந்து ஆள் வந்து காத்திருந்தான். மறுநாள் அங்கே ஒரு சம்பந்தப் பேச்சுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தத் தடவை வேண்டாம், நாங்களே பேசிக்கொள்ளுகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அவள் புளிமூட்டைகளுக்கு நடுவே போய் நின்றாள்.

"இஞ்ச பாருங்க. சிவதாணுவின் சம்சாரம்னா யாரு?"

"என் பேச்சு."

"நான் உங்க பேச்சா?"

"ஏட்டி, மலையாளத்துல சம்சாரம்னா பேச்சாக்கும். 'அந்த வக்கீலு நல்லா சம்சாரிக்கும்'னு நீயே சொல்லுவியே."

"நோட்டீசு எந்த எழுத்துல இருக்கு?"

"தமிழ் எழுத்து."

"அப்பம் முற்றிலும் இலவசம் யாரு?"

சிவதாணு பக்கத்திலிருந்த மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"யாவரும் வரலாம்னு வேற. போதாததுக்குக் கோட்டை வரைக்கும் உலாத்தல். இனி எந்த வீட்டுல என்னைய முன்னால உக்காத்தி வச்சுப் பேசுவாவ? கரமனைக்காரங்க வரண்டாம்னு சொல்லிட்டாவ, தெரியுமா?"

"நான் இப்பமே போயிக் கிழிச்சிட்டு வாறேன்."

"கிழிச்சா? கிழிச்சா, வெக்கப்பட்டுக் கிழிச்சான்னு இன்னும் ஒரு வருஷம் சிரிப்பானுவ. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டு. ஞாயித்துக்கிழமை நானே வாறேன்."

"நீயா? எதுக்கு?"

"சம்சாரம்னுல்லா போட்டிருக்கு. வராண்டாமா?"

அதற்குப்பின் ஞாயிறு வரை அவள் அவரிடம் பேசவில்லை. சோறு வந்தது, ரசம் வந்தது, சத்தம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாகச் சிவதாணுவுக்கு வீடு முழுவதும் பேசக் கிடைத்தது. முதல் நாள் ராத்திரி பரசுராமரைத் தொடங்கித் தடையில்லாமல் முடித்தார். கடல் கன்னியாகுமரி வரை விலகியது. மறுநாள் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குறுக்கே விழ ஆளில்லாத பேச்சு இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு மாலை மாடி நிறைந்து படிக்கட்டு நிறைந்து தெருவிலும் ஆள் நின்றது. சீட்டுக் கோஷ்டி சீட்டைக் கீழே வைத்துவிட்டு முன் பெஞ்சைப் பிடித்திருந்தது. வெங்கடகிருஷ்ணன் மேல்துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பலகை உடையாமல் இருக்கவேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருந்தார். சிவதாணு எழுந்து, "ஆதியில், பரசுராமர்..." என்றார்.

"அண்ணாச்சி, மழு கெடக்கட்டு," என்று வேலாயுதன் கத்தினார். "சம்சாரம் எங்க?"

மாடி அதிர்ந்தது. சிரிப்பு அடங்குமுன் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா வந்துட்டேன்."

ஆட்கள் ஒதுங்கினார்கள். முத்தாரம்மாள் கோடிப் புடவை உடுத்து, சம்பந்தப் பேச்சுக்குப் போகிற அலங்காரத்தோடு வந்தாள். சிவதாணு நின்ற இடத்தில் போய் நின்றாள். அவர் தானாகவே உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டது யாரு, வேலாயுதனா? ஒம்ம பாட்டா இந்த ஊருக்கு எதுக்கு வந்தாருன்னு தெரியுமா வே?"

"யாவாரத்துக்கு, மைனி," என்றார் வேலாயுதன், இன்னும் சிரித்துக்கொண்டே.

"யாவாரத்துக்கு! காளை கொண்டாந்து விட்டது. கோட்டாத்துச் சந்தையில அண்ணன் வாங்கண்டாம்னு சொன்ன காளையை வாங்கினாரு. அது கயித்த அறுத்துக்கிட்டு வடக்க ஓடிச்சு. இவரு பொறத்தால. தக்கலையில காணல்ல, பாறசாலையில காணல்ல, நெய்யாத்தங்கரையில சாணி மட்டும் கண்டாரு. கரமனை ஆத்துல தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னதைப் புடிச்சாரு. எந்த மொகத்தோட அண்ணங்கிட்டத் திரும்பிப் போக? இங்கயே வித்தாரு, தேங்கா வாங்கினாரு. ஒம்ம கிட்டங்கிக்கு மொதல் போட்டது அந்தக் காளையாக்கும். நீரு என்னைப் பாத்துச் சிரிக்கேரு."

வேலாயுதனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். யோசுவா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அது அவருடைய தவறு.

"யோசுவா, நீரு கையைக் கெட்டிக்கிட்டு இரியும். ஒம்ம பாட்டா எரணியல்லேருந்து பூட்டு வாங்க வந்தவரு."

"எங்க பாட்டாவா? ராஜா ஆளனுப்பிக் கூட்டிக்கிட்டு வந்ததுன்னுல்லா எங்க அப்பன் சொன்னாரு!"

"ராஜாவுக்குப் பூட்டு இல்லாமலா கெடந்துது? கேளும். ஒரு பூட்டு வாங்கினாரு. மழை புடிச்சிக்கிட்டு. கடை எறப்புல, கூரைக்குக் கீழ ஒதுங்கினாரு. கடைக்காரரு, 'நான் ரெண்டு வாய் சாப்பிட்டு வாறேன், கொஞ்சம் பாத்துக்கிடும்'னு போனாரு. மறுநாளும் மழை. மறுநாளும் பாத்துக்கிட்டாரு. சாப்பிடப் போன மொதலாளி ஒவ்வொரு நாளும் கொஞ்சங்கொஞ்சம் பிந்தி வந்தாரு. ஒருநாள் வரவேயில்ல. ஒம்ம பாட்டா வாங்கின பூட்டாலயே கடையைப் பூட்டினாரு. அந்தப் பூட்டு இப்பமும் ஒம்ம கடைக் கதவுலதான் தொங்குது. போயிப் பாரும்."

பூட்டு தொங்குவது எல்லோருக்கும் தெரியும். திறக்கவும் வராது, யோசுவா கழற்றவும் மாட்டார்.

ஒவ்வொருவராக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் மாடியில் வேறொரு முணுமுணுப்பு கிளம்பியது. திட்டு வாங்காதவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் எழுந்து, "மைனி, எங்க வீட்டை விட்டுட்டேளே!" என்றார்.

"வாறேன். ஒமக்கு நெறைய இருக்கு. இரியும்."

வெங்கடகிருஷ்ணன் கூச்சத்தோடு கேட்டார். "எங்காத்தைப் பத்தி ஏதாவது உண்டா அம்மா?"

"நீங்க நோட்டீசு ஒட்டச் சம்மதிச்சவரு, உங்களை விடுவேனா சாமி? உங்க பெரியவங்க முறஜபத்துக்கு வந்தவரு. கோயில்ல ஜபம், ஊட்டுப்புரையில வெறுதே சாப்பாடு. பாயசம் புடிச்சுப் போச்சு. அடுத்த முறஜபம் ஆறு வருஷம் கழிச்சு. திருநெல்வேலிக்கு நடந்து போயி, பெறகு நடந்து வரதுக்கு, இங்கயே இருந்து காத்துக்கிடலாம்னு இருந்தாரு. இன்னும் காத்துக்கிட்டிருக்கீங்க."

காரியதரிசி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாயசம் வாஸ்தவம்தான் அம்மா. எங்காத்துல இன்னிக்கும் அதே பேச்சு."

"வாங்க, எறப்பைக் காட்டுகேன்," என்று அவள் படியிறங்கினாள். கூட்டம் முழுவதும் பின்னால் இறங்கியது. யோசுவாவின் பாட்டா மழைக்கு ஒதுங்கிய இடத்தில் யோசுவாவையே நிற்கவைத்துக் காட்டினாள். காளை விற்ற முக்கில் வேலாயுதனை நிறுத்தினாள். கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாலையில் அன்று யார் கடையைக் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. சிவதாணு எல்லோருக்கும் பின்னால், குடையோடு நடந்தார்.

மறுநாள் காலை கரமனையிலிருந்து அதே ஆள் திரும்ப வந்தான். பிள்ளை வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருந்தார்களாம். அம்மா வராமல் வெற்றிலை மாற்றமாட்டோம் என்கிறார்களாம்.

அடுத்து வந்தவர் வெங்கடகிருஷ்ணன். "மாடி உங்களுக்குத்தான் அம்மா, சீட்டு ஆடறவாளே சொல்லிட்டா. அந்த நோட்டீஸ் பிழையை மட்டும் திருத்திடலாம். சொற்பொழிவுன்னு போட்டுடறேன்."

"சம்சாரம் அங்கயே இருக்கட்டு சாமி," என்றாள் முத்தாரம்மாள். "பேரை மட்டும் மாத்துங்க. பேசுகது நான்தானே?"

சிவதாணு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இந்தத் தடவை உடனே புரிந்துவிட்டது. "ஏட்டி, அப்படிப் போட்டா..." என்று தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை.

இரண்டு பாஷையிலும் புதிய நோட்டீஸ் சாலை முகப்பில் ஏறியது. பல வருஷம் அது புதுப்பித்து ஒட்டப்பட்டது. யுத்த காலத்தில் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் அங்கேயே முத்தாரம்மாளிடம் தங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டார்கள். ஞாயிறுகளில் ஆட்கள் வந்து உட்காரும்வரை சிவதாணு பரசுராமரைச் சொல்ல அனுமதி இருந்தது. மழு கையைவிட்டுக் கிளம்பியதும் அவர் நிறுத்திக்கொள்வார். கோட்டைக்குப் போகும்போது அரிக்கன் விளக்கை அவரே பிடிப்பார்.

அப்படி ஒரு மாலை, தூத்துக்குடியிலிருந்து உப்புக் கணக்கு முடிக்க வந்த வியாபாரி ஒருவர் நோட்டீஸை வாசித்துவிட்டு யோசுவாவின் கடைக்குள் நுழைந்தார்.

"முத்தாரம்மாளின் சம்சாரம்னு போட்டிருக்கே. பொம்பளைக்கு ஏதுய்யா சம்சாரம்?"

யோசுவா தெருவைப் பார்த்தார். கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் முத்தாரம்மாள் யாரையோ திட்டிக்கொண்டு வந்தாள்.

"அந்தா, பொறத்தால வெளக்குப் புடிச்சிக்கிட்டு வாறாரு பாரும்," என்றார் யோசுவா. "அவருதான்."

சிவதாணு விளக்கைச் சற்று உயர்த்தி, வந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.