பத்தொன்பதாவது பெயர்

சைப்ரஸ் ஓடை பாப்டிஸ்ட் சபையில் யார் ஞானஸ்நானம் எடுத்தாலும் வெர்னெல் டாகெட்டின் கண்ணுக்குத் தப்ப முடியாது. வெள்ளை அங்கிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது அவள்தான். தண்ணீரில் அங்கி மிதந்து மேலே ஏறி மானத்தை வாங்கிவிடாதபடி விளிம்பில் தூண்டில் ஈயக்குண்டு வைத்துத் தைப்பதும் அவள்தான். முப்பது வருஷமாகச் சபைப் பதிவேடும் அவள் கையில். முழுக்கு என்றால் முழுதாக முழுக வேண்டும், இதில் அவளிடம் சலுகை கிடையாது. இன்று சபையில் டீக்கனாக, போதகருக்கு உதவும் மூப்பராக, இருக்கும் பீஸ்லி ஒருகாலத்தில் முழுகியபோது இடது கை நனையாமல் மேலே நின்றுவிட்டது. "பாஸ்டர், அந்தக் கை மட்டும் இன்னும் உலகத்துலயே நிக்குது!" என்று முதல் பெஞ்சிலிருந்து கத்தி, பாவம், அந்த மனிதரை மறுபடி முக்க வைத்தாள். பீஸ்லி அதை இன்னும் மறக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட வெர்னெல் ஒருநாளும் முழுகினதில்லை. இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள், மற்றது அவளுடைய இரட்டைச் சகோதரி க்ளோவி.

1915இல் அவர்களுக்குப் பன்னிரண்டு வயது. ஓடைக்கரையில் வெள்ளை அங்கியும் தலையில் வெள்ளைத் துணியுமாகப் பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். தண்ணீரைப் பார்த்ததும் வெர்னெல் புதருக்குள் பாய்ந்துவிட்டாள். ஏற்கெனவே முழுகி நடுங்கிக்கொண்டிருந்த க்ளோவி, ஒரு மாதத்துப் பீச் பழப் பலகாரம் முழுக்கத் தனக்கே என்று பேரம் பேசி, வெர்னெலின் காய்ந்த அங்கியை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கிழட்டுப் போதகருக்குக் கண் மங்கல். "இந்தப் பிள்ளை தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடியே நனைஞ்சிருக்கே?" என்றார். "பயத்துல வேர்த்துருச்சு ஐயா" என்றாள் க்ளோவி.

வருஷங்கள் ஓடின. மரக்கோயிலுக்குச் செங்கல் முகப்பு வந்தது. ஓடையை விட்டுப் பிரசங்க மேடைக்கு அடியிலேயே தொட்டி கட்டினார்கள். பலகையைத் தூக்கினால் தண்ணீர். வெர்னெலின் பயம் மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது 1969. சபைக்கு நூறு வயது. வரலாற்றை எழுதி நூற்றாண்டு ஞாயிறன்று வாசிக்கும் பொறுப்பு வெர்னெலுக்கு. ஞானஸ்நானம் எடுத்தவர்களின் பெயர்களை வருஷவாரியாகப் படிக்க வேண்டும், உயிரோடு இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று பாஸ்டர் ஹஸ்கின்ஸ் சொல்லிவிட்டார்.

"படிச்சிட்டு எழுந்து நின்னுட்டுப் போயேன்டி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் க்ளோவி.

"மேடையில நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"அம்பது வருஷமா பெஞ்சுல உக்காந்து சொன்னியே, அது என்னவாம்? உனக்கும் சேத்து முங்கித்தான் எனக்கு இந்த மூட்டுவலி!"

உண்மையை வெளியே சொல்லிவிட்டால் அவள் சபை உறுப்பினரே இல்லை என்றாகிவிடும். முழுகாதவளுக்குப் பதிவேட்டில் இடமில்லை என்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவள் அவளேதான். இந்தக் கோயிலைத் தவிர அவளுக்குப் போக்கிடமும் இல்லை.

ஞாயிறு வந்தது. இலைப்பந்தலில் தொடங்கிய முதல் ஆராதனை, தீப்பிடித்து எரிந்த கூரை, பெண்கள் மீன் பொரித்து விற்று வாங்கிய மணி, எல்லாவற்றையும் கணீரென்று படித்தாள். 1915 வந்தது. பதினெட்டுப் பெயர் படித்தாள். குரல் நின்றது. கோயிலில் விசிறிகளும் நின்றன.

"பத்தொன்பதாவது வெர்னெல் டாகெட்னு எழுதியிருக்கு. அவ முங்கல. பயந்து ஒளிஞ்சுக்கிட்டா. அவளுக்காக முங்கினது க்ளோவி. இந்தப் பேரை அடிச்சிடுங்க."

பின்னாலிருந்து டீக்கன் பீஸ்லி மெதுவாக எழுந்தார். கை நனையாமல் மாட்டிக்கொண்ட நாளிலிருந்து பதினேழு வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தார்!

"பாஸ்டர், மத்தியானம் மூணு பேரை முக்கத் தொட்டியில தண்ணி நிக்குது. நாலாவது ஆளுக்கும் அது போதும்."

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. "ஆமென்!" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது.

மத்தியானம், தான் தைத்த அங்கியிலேயே, ஈயக்குண்டுகள் படியில் டக் டக்கென்று இடிக்க, அறுபத்தாறு வயதில் வெர்னெல் தொட்டிக்குள் இறங்கினாள். பாஸ்டரின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். முழுகி எழுந்து மூச்சு வாங்கினாள். முடிந்தது என்று நினைத்தாள்.

"பாஸ்டர்!" முதல் பெஞ்சில் வெர்னெல் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே க்ளோவியின் குரல். "கால் கட்டைவிரல் வெளிய தெரிஞ்சுது!"

பாஸ்டர் தயங்கினார். வெர்னெல் சகோதரியை ஒரு முறை முறைத்தாள். பிறகு பாஸ்டரின் கையை விட்டுவிட்டு, மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, தானாகவே இன்னொரு தரம் முழுகினாள்.