அவிநாசித் தேரும் குன்னூர் சீசனும்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி குன்னூரில் ஒரு பங்களா வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊர் மண்ணரையிலிருந்து என்னையும் என் மனைவியையும் அனுப்பினார். கட்டிங் மேஜையில் நின்று நின்று முட்டி தேய்ந்துபோன எனக்கு அது கடவுள் கொடுத்த வேலையாகத் தெரிந்தது. பிள்ளை இல்லாத எங்களுக்கு எந்த ஊராயிருந்தால் என்ன?

ஏப்ரல், மே மாதங்கள் மலையில் சீசன். முதலாளி குடும்பமும் உறவு சனமும் வந்து இறங்கும். என் மனைவி அவர்களுக்கு இடியாப்பம் மாதிரி ஓயாமல் சந்தகை பிழிந்துகொண்டிருப்பாள். "குளிருக்கு ரெண்டு பனியனை மாட்டிக்கிட்டு நிக்கறாங்க பாருங்க நம்மூரு ஆளுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே ஆசை அவிநாசித் தேர். சின்ன வயதிலிருந்து ஒரு வருசம் விடாமல் வடம் தொட்டவள். சித்திரைத் தேர் சரியாக சீசனில்தான் வரும்.

"ஏனுங்க, இந்த வருசமாச்சும் மொதலாளிகிட்டக் கேளுங்க. ஒரே நாளுதானுங்க."

"கேட்டேன் அம்மணி. சீசன் முடியட்டும்ங்கறாரு."

"அதுவரைக்கும் தேரு நமக்காக நிக்குமாக்கும்!"

நான் கேட்கவே இல்லை. வீடு நிறைய விருந்தாளி இருக்கையில் லீவு கேட்க நாக்கு எழவில்லை. சோறு போடுகிறவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே இருந்த ஆறு வருசமும் இதே பொய். தேரன்று அவள் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். போகப்போக முதலாளியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

ஆறாம் வருசத்து மார்கழியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் இல்லை.

மண்ணரையில் காரியம் முடிந்த அன்று முதலாளியம்மா வந்து பாயில் உட்கார்ந்தார்.

"அக்காவுக்கு எம்மேல என்னமோ வருத்தமுங்கண்ணா. கேட்டா ஒண்ணுமில்லீங்கம்பாங்க."

நான் வாய் திறப்பதற்குள் என் கொழுந்தியா சொல்லிவிட்டாள்: "தேருக்குப் போக உடலைன்னுதானுங்க. வருசா வருசம் மாமா கேட்டும் நீங்க உடலையாமா."

"ஆரு கேட்டாங்க? தேர்க் கூட்டத்துக்குப் பயந்துட்டு நாங்கதான் மலைக்கு வாரோம், அக்காவுக்கு ஆசைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்! காரு சும்மாதான நின்னுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பனே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தானுங்க... நான் கேக்கவே இல்லீங்க."

கொழுந்தியா எழுந்து வெளியே போய்விட்டாள். முதலாளியம்மா மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்று, உயிரோடு இருக்கிற ஆளிடம் பேசுவதுபோல, "அக்கா, உங்களைத் தடுத்தது நான் இல்லீங்கக்கா" என்றார்.

அவிநாசியப்பா, முதலாளியம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவள் காதில் போட்டுவிடு என்று அன்று வேண்டினேன். இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது அதைத்தான் வேண்டுகிறேன்.